பேச வந்தவளிடம் ஏன் கடிகாரத்தைக் கொடுக்கிறார்கள்?

கேள்வி:

எனக்கு 36 வயது. கணக்குத் தணிக்கைத் துறையில் வேலை. மேலதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் யாராவது திடீரென்று என் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தெரிந்த பதில்கூட வெளியே வருவதில்லை. இதைச் சரிசெய்யத்தான் 14 மாதங்களுக்கு முன் மேடைப் பேச்சுப் பழக உறுப்பினர்கள் கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றில் சேர்ந்தேன். இதுவரை 6 உரைகள் பேசியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் எழுதி, மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் பலமுறை பேசிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். நன்றாகப் பேசுகிறேன் என்கிறார்கள். ஆனால் அலுவலகத்தில் ஒன்றும் மாறவில்லை.

மன்றத்தில் மற்ற ரோல்களையும் எடுக்கச் சொல்கிறார்கள். டைமராக 3 முறை இருந்தேன். பேசக் கற்றுக்கொள்ள வந்தவளுக்குக் கடிகாரம் பார்க்கிற வேலை எதற்கு என்றுதான் தோன்றியது. இன்னொருவர் உரையை மதிப்பிட்டுப் பேசும் எவாலுவேட்டர் ரோலை இதுவரை தட்டிக்கழித்துவிட்டேன்; அதனால் மன்றத்தின் பாடத்திட்டமான பாத்வேஸில் முதல் நிலையே முடியாமல் நிற்கிறது. போன மாதம் டேபிள் டாபிக்ஸ், அதாவது திடீர்க் கேள்விக்குத் தயாரிப்பில்லாமல் எழுந்து பதில் பேசும் பகுதியை நடத்த வேண்டியவர் வரவில்லை. கூட்டம் தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது என்னிடம் கொடுத்தார்கள். நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு, முதன்முறையாக வந்திருந்த விருந்தினர் ஒருவர் எழுந்து நின்றார். ஒன்றும் சொல்ல வராமல் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு எனக்கும் எதுவும் ஓடவில்லை. தலைவர் எழுந்து வந்து முடித்துவைத்தார். அந்த விருந்தினர் மறுபடி வரவில்லை. நானும் இரண்டு கூட்டங்களுக்குப் போகவில்லை.

மே மாதம் தேர்தல். ரோல்களுக்கும் உரைகளுக்கும் ஆள் ஏற்பாடு செய்யும் துணைத் தலைவர் பதவியான விபி எஜுகேஷன் பொறுப்புக்கு என் பெயரைச் சொல்கிறார்கள். பொருளாளர் என்றால் சரி என்று சொல்லியிருக்கிறேன். கணக்கு எனக்குக் கைவந்த வேலை. ஒத்துவராத ரோல்களை நான் ஏன் எடுக்க வேண்டும்? உரைகளை மட்டும் தொடர்ந்து பேசினால் போதாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

டேபிள் டாபிக்ஸ் அன்று நடந்ததைவிட, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி: ‘அலுவலகத்தில் ஒன்றும் மாறவில்லை.’ 14 மாதம் உழைத்திருக்கிறீர்கள். எதற்காகச் சேர்ந்தீர்களோ அது மட்டும் அப்படியே இருக்கிறது. உங்களிடம் திறமை இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. எதிர்பாராத நேரத்தில் வாய் திறக்கப் பழகத்தான் மன்றத்துக்குப் போனீர்கள். அங்கே போய், எதிர்பாராதது எதுவும் நுழைய முடியாதபடி எல்லாக் கதவையும் முன்கூட்டியே அடைத்துவைக்கப் பழகியிருக்கிறீர்கள். மனப்பாட உரை இன்னும் 20 பேசினாலும் அது திடீர்க் கேள்விக்குப் பயிற்சி ஆகாது.

அலுவலகக் கூட்டங்களில் உங்களுக்கு எதெல்லாம் நேர்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யோசிக்க அவகாசமில்லாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொருவர் செய்த வேலையைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே கருத்துச் சொல்ல வேண்டியிருக்கும். சில நாள் கூட்டத்தையே நடத்த வேண்டும். நீட்டிக்கொண்டே போகிறவரை மனம் நோகாமல் நிறுத்த வேண்டும். நமக்குக் கீழே இல்லாத ஒருவரிடம் வேலை வாங்க வேண்டும். இதில் எங்கே இருக்கிறது தயாரித்த உரை? முதலில் சொன்னது டேபிள் டாபிக்ஸ். அடுத்தது எவாலுவேஷன். கூட்டம் நடத்துவது டோஸ்ட்மாஸ்டர் வேலை, நேரத்தைக் காப்பது டைமர் வேலை. கடைசியாகச் சொன்னதை ஒவ்வொரு வாரமும் செய்கிறவர் விபி எஜுகேஷன். நீங்கள் தள்ளிவைத்த ரோல்களும் உங்கள் அலுவலகப் பயங்களும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்.

நான் உளவியல் ஆலோசகர். பேச்சுப் பயத்தோடு வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். நானும் ஒரு மன்றத்தில் 11 வருடமாக உறுப்பினர். இரண்டு இடத்திலும் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மேடையில் நடுங்குகிறவர் கூட்டத்தைப் பார்த்து நடுங்குகிறார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவர் கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை. குரல் நடுங்குகிறதா, கையை எங்கே வைத்திருக்கிறேன், வியர்ப்பது தெரிகிறதா, அடுத்த வரி என்ன என்று தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருக்கிறார். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995-இல் சமூகப் பதற்றத்துக்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இந்தத் துறையில் சிகிச்சை அளிப்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பிறர் நம்மை எடைபோடும் இடம் என்று மனம் பயந்தவுடன் கவனம் உள்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. உள்ளே அடித்துக்கொள்ளும் நெஞ்சை வைத்தே ‘வெளியிலும் நான் இப்படித்தான் தெரிகிறேன்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம் என்றார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் என்ன இருக்கிறது என்ற செய்தி நம்மிடம் வந்து சேர்வதே இல்லை.

அதே விளக்கத்தில் ‘பாதுகாப்பு நடத்தைகள்’ என்று இன்னொன்று உண்டு. பயந்தது நடந்துவிடாமல் இருக்க நாம் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் அவை. வரிக்கு வரி மனப்பாடம் செய்வதும் அதில் ஒன்று. உரை நல்லபடியாக முடிகிறது, கை தட்டுகிறார்கள். அப்போது ‘எனக்குப் பேச வருகிறது’ என்று மனம் சொல்ல வேண்டும். அது ‘மனப்பாடம் செய்ததால் தப்பித்தேன்’ என்கிறது. அடுத்த முறை இன்னும் இறுக்கமாக மனப்பாடம் நடக்கிறது. 6 கைதட்டல் வாங்கியும் உங்களுக்குள் நம்பிக்கை சேராமல் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் ரோல்கள் வந்து உதவுகின்றன. ஒரு ரோல் கையில் இருந்தால் கவனத்துக்குப் போய் உட்கார வெளியே ஓர் இடம் கிடைக்கிறது. டைமர் கடிகாரத்தையும் பேச்சாளரையும் பார்த்தே ஆக வேண்டும். எவாலுவேட்டருக்கு இன்னொருவர் பேச்சைத் தவிர வேறெதையும் கேட்க நேரமில்லை. தன்னை வேவு பார்க்க அங்கே ஆள் மிச்சமில்லை. திருக்குறளின் பொருட்பாலில் 71-ஆவது அதிகாரம் குறிப்பறிதல், 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. முகத்தின் குறிப்பைப் படித்து, அவை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு அஞ்சாமை. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். மன்றத்தில் சேருகிற நம்மில் பலர் நேராக 73-இல் தொடங்கப் பார்க்கிறோம்.

இந்த மன்றங்கள் எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதையும் ஒருமுறை பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒய்எம்சிஏ அமைப்பின் கல்விப் பொறுப்பில் இருந்த ரால்ஃப் ஸ்மெட்லி, அங்கே வந்த இளைஞர்களுக்குப் பேசுவதோடு கூட்டம் நடத்தவும், நிகழ்ச்சியைத் திட்டமிடவும், குழுவில் சேர்ந்து வேலை செய்யவும் பயிற்சி தேவை என்று கண்டார். அந்த முயற்சிதான் 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் கூடிய மன்றமாக நிலைபெற்றது. அவர் வைத்த பெயரையே கவனியுங்கள். டோஸ்ட்மாஸ்டர் என்பவர் அந்தக் கால விருந்துகளில் வாழ்த்துரைக்கு அழைத்து, பேச வருகிறவர்களை அறிமுகம் செய்து, நிகழ்ச்சியைக் கொண்டு செலுத்துகிறவர். பிறரைப் பேசவைக்கிறவரின் பெயரைத்தான் பேச்சு மன்றம் தாங்கி நிற்கிறது. ரோல்களை உரைக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக யாரும் பின்னால் சேர்க்கவில்லை. தொடக்கத்திலேயே பாதிப் பாடம் அதுதான்.

இனி ஒவ்வொரு ரோலாக வருகிறேன்.

டைமராக 3 முறை இருந்தும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். 5 நிமிடத்தில் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு என்று அட்டையைத் தூக்குவதோடு நின்றால் கற்றுக்கொள்ள அதில் பெரிதாக எதுவும் இல்லை. அடுத்த முறை பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேச்சாளரும் தன் முதல் முக்கியக் கருத்தைச் சொன்னபோது கடிகாரம் என்ன காட்டியது என்று குறியுங்கள். பச்சை தெரிந்ததும் அவர் பேச்சு எப்படி மாறியது என்று பாருங்கள். சிவப்பு வந்த பிறகும் ஏன் முடிக்க முடியவில்லை என்றும் பாருங்கள். பலருக்கு முன்னுரையிலேயே இரண்டு நிமிடம் கரைந்துவிடும். முடிவுரையை அவர்கள் தயாரித்திருக்கவே மாட்டார்கள். அதனால் இறங்க இடம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இதை நான்கு பேரிடம் கண்ணால் பார்த்துவிட்டால் உங்கள் உரையின் கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதத் தொடங்குவீர்கள்.

பேச்சின் நடுவே வரும் தடுமாற்ற ஒலிகளையும் இட்டுநிரப்பும் சொற்களையும் எண்ணுகிற ஆ கவுண்ட்டர் ரோலைப் பற்றி ஒரு சொல். ‘வந்து’, ‘அதாவது’, ‘அப்புறம்’, ‘ம்ம்’ என்று எத்தனை வந்தது என எண்ணிச் சொல்லிவிட்டு உட்காருவது பல மன்றங்களில் வழக்கம். எண்ணிக்கையால் யாருக்கும் பயன் இருந்ததாக நான் பார்க்கவில்லை. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற மொழி ஆய்வாளர்கள் 2002-இல் ஆங்கிலப் பேச்சை ஆராய்ந்து, இப்படிப்பட்ட ஒலிகள் ‘அடுத்தது வர ஒரு கணம் ஆகும்’ என்று கேட்பவருக்குத் தரும் அறிவிப்பு என்று வாதிட்டார்கள். ஆகவே எங்கே வந்தது என்று குறியுங்கள். ஒரு கருத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் அது குவிகிறதென்றால், பேச்சாளருக்குத் தேவைப்படுவது அங்கே ஒரு பாலம். அதைச் சொன்னால் அவர் வீட்டுக்கு எதையாவது கொண்டுபோவார்.

நீங்கள் அடுத்து எடுக்க வேண்டியது எவாலுவேட்டர் ரோல். டேபிள் டாபிக்ஸுக்கு உடனே திரும்ப வேண்டாம். உரைக்கு நாள்கணக்கில் தயாரிக்கலாம். டேபிள் டாபிக்ஸுக்கு மூச்சு விடும் நேரம்தான். எவாலுவேஷன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பேச்சைக் கேட்டு முடித்தபின் சில நிமிடங்கள் கிடைக்கும். கையில் குறிப்பு இருக்கும். 2 முதல் 3 நிமிடம் பேசினால் போதும். மனப்பாடம் செய்ய முடியாது, முழுக்கக் கைவிடப்பட்டும் இருக்க மாட்டீர்கள். உங்களுக்கு இப்போது தேவையான படி இதுதான். தணிக்கை அறிக்கையில் ஒருவர் கணக்கின் குறையைத் தயங்காமல் எழுதுகிறவர் நீங்கள். அதையே எதிரே நின்று, அந்த மனிதரின் கண்ணைப் பார்த்து, அவர் ஏற்றுக்கொள்ளும்படி சொல்வதுதான் இதில் புதிது.

இந்த ரோலில் நான் செய்த தவறு ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். மன்றத்தில் எனக்கு அது மூன்றாவது வருடம். ஒரு புதிய உறுப்பினரின் ஐஸ் பிரேக்கர், அவருடைய முதல் உரை. நான் மதிப்பீட்டாளர். தாள் நிறைய எழுதினேன். எனக்குக் கிடைத்த 3 நிமிடத்தில் 7 குறைகளை வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றும் சரியான குறைதான். ஆனால் அவர் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நன்றாக மதிப்பிடுகிறேன் என்று சபைக்குக் காட்டுவதில்தான் என் மனம் முழுவதும் இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று தோன்றியது. கூச்சத்தில் தள்ளிப்போட்டேன். 5 வாரம் கழித்து அழைத்தபோது அவர் விலகிவிட்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். “நான் பேசினதுல ஒண்ணாவது உங்களுக்குப் பிடிச்சுதா?” என்று மட்டும் கேட்டார். பிடித்திருந்தது. ஓர் இடத்தில் என் கண் கலங்கியது. அதைச் சொல்ல எனக்கு அன்று நேரம் இருந்தது, சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையைத் தருகிறேன். கூட்டத்துக்கு முன்பே பேச்சாளரிடம் போய், ‘எதைக் கவனிக்கச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டுவிடுங்கள். பேசும்போது தாளின் இடப்பக்கம் அவர் செய்ததையும், வலப்பக்கம் அது உங்களுக்குள் என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். ‘தொடக்கம் பலவீனம்’ என்பது தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. ‘முதல் ஒன்றரை நிமிடம் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை, உங்கள் அக்காவின் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அதிலேயே தொடங்கியிருந்தால் முதலிலிருந்தே உங்களோடு வந்திருப்பேன்’ என்றால் அடுத்த உரையில் எதை எங்கே நகர்த்துவது என்று அவருக்குத் தெரியும். மாற்றிக்கொள்ள ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். இரண்டாவதை நீங்கள் எவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இப்போது டேபிள் டாபிக்ஸ். முதலில் உங்கள் மன்றத்தின் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறைகூட நடத்தியிராதவரிடம் 10 நிமிடம் முன்னால் அந்தப் பகுதியைக் கொடுத்தது தவறு. அந்த நேரத்தில் அனுபவமுள்ள ஒருவர் எடுத்திருக்க வேண்டும். அல்லது உங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பழக்கமில்லாததைச் செய்துதான் வளர்கிறோம் என்பது உண்மை. அதற்காக ஆளைத் தண்ணீரில் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பது பயிற்சி ஆகாது. ஆகவே அன்றைய நிகழ்வை உங்கள் திறமைக்கான தேர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் உறைந்து நின்றது பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு ஆய்வாளர்கள் மேடைப் பேச்சை வைத்தே இதைச் சோதித்தார்கள். பேசுகிறவர் தன் பதற்றம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று நினைக்கிறாரோ, அந்த அளவு கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. 2003-இல் வெளியான அந்த ஆய்வில், இந்த உண்மையைப் பேச்சுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அவர்களுக்கே அப்படித் தோன்றியது. பார்த்தவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். ‘கவலைப்படாதே, பயம் இயல்புதான்’ என்ற வெறும் ஆறுதலுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அன்று தலைவர் எழுந்து வந்ததும், உங்கள் குட்டு அறைக்கே வெளிப்பட்டுவிட்டதாக நினைத்திருப்பீர்கள். அறையில் இருந்தவர்கள் கண்டது ஒரு நீண்ட இடைவெளி. அவ்வளவுதான் இருக்கும்.

மறுபடி நடத்தும்போது சில வேலை நுணுக்கங்கள். கேள்வி ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற அளவில் இருக்கட்டும். நீளமான கேள்வியில் பதில் சொல்ல வேண்டியவர் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் திணறுவார். கேள்வியை முதலில் கேளுங்கள், ஒரு கணம் விடுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் அவர் பயத்தில் கேள்வியைக் கேட்க மாட்டார். மற்றவர்கள் தங்கள் தலை தப்பியது என்று கேட்க மாட்டார்கள். முதல் ஆளாக, பலமுறை பேசிப் பழகிய ஒருவரை அழையுங்கள்; அவர் பேசுவதைப் பார்த்தே புதியவருக்கு வழி பிடிபடும். அன்றைக்கு வேறு ரோல் இல்லாதவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். விருந்தினர்களை வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அழைத்தால் பேச விருப்பமா? விருப்பமில்லை என்றால் அழைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் 2 நிமிடம், நடுவில் அரை நிமிடம் என்று கணக்குப் போட்டால் 20 நிமிடத்துக்கு 8 கேள்வி; கையில் 10 இருக்கட்டும். அந்தக் கூடுதல் இரண்டும் குழந்தைகூடப் பதில் சொல்கிற மாதிரி எளிதாக இருக்கட்டும். யாராவது பேச்சு வராமல் நின்றால் அதே கேள்வியை இன்னும் சின்னதாக்கிக் கொடுங்கள். ‘வாழ்க்கையில் மறக்க முடியாத பயணம் எது?’ என்பதில் மாட்டிக்கொண்டவர் ‘கடைசியாக எங்கே போனீர்கள்?’ என்பதற்கு வாய் திறப்பார். அப்படியும் வரவில்லையா, கை தட்டி நன்றி சொல்லி அமரவையுங்கள். சங்கடத்தை அவர் தலையில் ஏற்றாமல் அந்த இடத்தைக் கடத்திவிடுவதுதான் நடத்துகிறவரின் வேலை.

கூர்ந்து பார்த்தால் இந்த நுணுக்கங்கள் எல்லாமே எதிரே இருப்பவரைப் பற்றியவை. அவருக்கு என்ன தெரியும், எங்கே தடுமாறுவார், எப்போது கை கொடுக்க வேண்டும் என்று பல கூட்டங்களில் யோசித்துப் பழகிய ஒருவரிடம், அலுவலகத்தில் மேலதிகாரி திடீரென்று கேள்வி கேட்கட்டும். ‘என்னைச் சோதிக்கிறார்’ என்பதற்கு முன், ‘இவருக்கு இப்போது என்ன தெரிய வேண்டும்?’ என்பது அவருக்குத் தோன்றிவிடும். பதில் அங்கிருந்து தொடங்கும். என்னிடம் வந்தவர்களில் பலருக்கு இந்தத் திருப்பம் இப்படித்தான் நடந்தது. எந்த நாளில் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

தேர்தலுக்கு வருகிறேன். உங்கள் மன்றத்துக்கு நீங்கள் அருமையான பொருளாளராக இருப்பீர்கள். சந்தாக் கணக்கு ஒரு ரூபாய் பிசகாது. ஆனால் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதையே அங்கே கொடுப்பீர்கள். புதிதாக எதுவும் வந்து சேராது. சேவை மட்டும் நோக்கம் என்றால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். வளர்வதற்கு என்றால் விபி எஜுகேஷன்தான். ரோல்களுக்கு ஆள் பிடிக்க வேண்டும். முந்தைய நாள் இரவு ஒருவர் வரவில்லை என்றால் இன்னொருவரை அழைத்துக் கேட்க வேண்டும். முடியாது என்பதைக் கேட்டுப் பழக வேண்டும். யார் எந்த உரையில் நிற்கிறார்கள், யார் ஒதுங்கத் தொடங்குகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். இத்தனை நாள் தட்டிக்கழித்தவர் என்பது இதில் உங்களுக்கு நல்ல தகுதி. தயங்குகிறவர் சொல்லும் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்பதன் பொருள் உங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்கச் சொல்லவில்லை. உங்களிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: இதே அளவு நேரம் பிடிக்கும், ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைக் கொடுத்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா? ‘இல்லை’ என்றால் உண்மையிலேயே நேரமில்லை. மன உறுத்தல் இல்லாமல் மறுத்துவிடுங்கள். ‘ஆம்’ என்றால் தடுப்பது பயம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் பொருளாளர் வேலைக்கு உங்களிடம் நேரம் இருக்கிறது. மன்றத்தின் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மே மாதத்துக்குள் எவாலுவேட்டராக இரண்டு முறை, டேபிள் டாபிக்ஸ் ஒருமுறை செய்துவிடுங்கள், பிறகு முடிவெடுங்கள். ஒப்புக்கொண்டால், இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் உங்களோடு உட்கார வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். நிர்வாகிகளுக்கான பயிற்சி நடக்கும், தவறவிடாதீர்கள். ஒரே மாதத்தில் எல்லா ரோல்களையும் அள்ளிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எழுதியபோது, அதற்கான ஊற்றுகளில் தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தையே மிக வலுவானதாகக் குறிப்பிட்டார். செய்து ‘முடித்த’ என்பதை மறக்காதீர்கள். ஒன்றை முடித்து, என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதிவைத்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

கூட்டத்தை நினைத்தாலே தூக்கம் போகிறது, வேலைக்கே போக முடியாமல் விடுப்பு எடுக்கிறேன், நெஞ்சு இறுகி மூச்சு முட்டுகிறது என்ற அளவுக்கு இருந்தால் அது மன்றம் மட்டும் தீர்க்கும் விஷயம் இல்லை. உளவியல் நிபுணர் ஒருவரை நேரில் பாருங்கள். சமூகப் பதற்றத்துக்குப் பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்லிவைக்கிறேன்.

ரோல் எடுப்பதற்கெல்லாம் முன்பு இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பேச்சு வராமல் உட்கார்ந்த அந்த விருந்தினர். அவருடைய எண் வருகைப் பதிவில் இருக்கும். உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லி, விருந்தினர் சம்மதித்தால் பேசுங்கள். அன்று நடந்தது முழுக்கத் தன் தவறு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும், நீங்கள் உங்கள் தவறு என்று நினைப்பது போலவே. ‘அன்றைக்கு நான் அந்தப் பகுதியை முதன்முறையாக நடத்தினேன், கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை, அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் பேச அழைக்க மாட்டோம்’ என்று சொல்லுங்கள். எழுதி வைத்துப் படிக்க வேண்டாம். அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். என்னைப் போல 5 வாரம் தள்ளிப்போடாதீர்கள்.